ஆளுக்கொரு சொட்டு

பாமணி ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஜெயபாரதியின் ஸ்கூட்டி தெருவுக்குள் திரும்பியபோது, டீக்கடை பெஞ்சிலிருந்து வைரக்கண்ணு குரல் கொடுத்தார்.

"என்ன நர்ஸம்மா, இளவழகன் வீட்டுக்கா? பேசாம அங்கேயே ஒரு ரூம் எடுத்துத் தங்கிடுங்க. பெட்ரோலாவது மிச்சமாகும்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஜெயபாரதி வண்டியை நிறுத்தவில்லை. அவரைக் குறை சொல்ல அவளுக்கு வாயில்லை. இளவழகனின் மனைவி செந்தாமரை ஐந்தாவதாக உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த அன்று, "இந்தக் காலத்துல யாருடி அஞ்சு பெத்துக்குறா?" என்று முதலில் கேட்டவளே அவள்தான். செந்தாமரை அதற்குக் கோபப்படவில்லை. "வந்துருச்சு சிஸ்டர். வந்த உசுர வராதன்னு சொல்ல மனசு வரல. இதோட ஆபரேசன் பண்ணிக்கிறேன்" என்றாள். சொன்னபடியே பிரசவத்தோடு செய்தும்கொண்டாள். அதற்குப் பிறகு கேட்க என்ன இருக்கிறது?

சனிக்கிழமை என்பதால் பிள்ளைகள் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். வாசலில் நின்று பார்த்த ஜெயபாரதிக்கு அதைக் கலைத்துக்கொண்டு உள்ளே நுழைய மனம் வரவில்லை. கூடத்தில் ஒரு சின்ன ரயில் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பதாவது படிக்கும் செம்மொழி, முன்னால் உட்கார்ந்திருந்த குந்தவைக்குத் தலை பின்னினாள். குந்தவை தன் முன்னால் இருந்த நாலு வயசுப் பொன்னிக்குப் பின்னினாள். பொன்னி தன் மடியில் இருந்த பூனையை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். பூனையும் மறுப்புச் சொல்லவில்லை. பையன் நெடுஞ்செழியன், குழந்தையின் துணிகளை ஃபேனுக்கு அடியில் கட்டியிருந்த நைலான் கயிற்றில் விரித்துப் போட்டான். ஐப்பசி மழையில் வெளியே எதுவும் காய்வதில்லை.

"எல்லாரும் எந்திரிங்க, சிஸ்டர் வந்துருக்காங்க" என்று அடுப்படியிலிருந்து வந்தாள் செந்தாமரை. ஒரு கையில் கரண்டி, இன்னொரு தோளில் துண்டு. பச்சை உடம்புக்காரி என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஜெயபாரதிக்கு ஒரே மகன். அவன் திருச்சியில் கல்லூரிக்குப் போனபிறகு அவள் வீட்டில் டிவி மட்டும்தான் பேசுகிறது. ஒன்றை வளர்த்ததற்கே அவள் பட்ட பாடு அவளுக்குத் தெரியும். இங்கே யாரும் யாரையும் அதட்டக்கூட இல்லை. பெரியது அடுத்ததைப் பார்த்துக்கொள்ளும், அடுத்தது அதற்கு அடுத்ததை. செந்தாமரை கொண்டுவந்த பழக்கம் அது. கடைசியில் எல்லோரையும் செந்தாமரை பார்த்துக்கொண்டாள். செந்தாமரையைப் பார்த்துக்கொள்வது யார் என்று மட்டும் அந்த வீட்டில் யாருக்கும் கேட்கத் தோன்றியதில்லை.

"எப்படி இருக்கான் புது ஆளு?"

"தங்கம் சிஸ்டர். அழவே மாட்டான். இந்த நாலும் எம்மா கத்து கத்துச்சுங்க! இவன் படுத்த எடத்துல கெடக்குறான்."

"சமத்து" என்றாள் பொன்னி பெருமையாக.

தராசின் துணிப்பையில் குழந்தையை வைத்தபோதும் அவன் அழவில்லை. ஒருமுறை கண்ணைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டான். ஜெயபாரதி எண்ணைப் பார்த்தாள். இறக்கிவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். போன தடவையைவிடக் குறைவு. பிறந்தபோது இருந்ததைவிடவும் குறைவு.

"என்ன சிஸ்டர்?"

"எடை ஏறல செந்தாமரை. எறங்கியிருக்கு."

செந்தாமரை கரண்டியைக் கீழே வைத்தாள். காய்ச்சல் இல்லை, கண்ணில் மஞ்சள் இல்லை, வயிறு மெத்தென்று இருந்தது. ஜெயபாரதி எல்லாம் பார்த்துவிட்டு, "என் முன்னாடி பால் குடு பாப்போம்" என்றாள்.

உள் அறையில் உட்கார்ந்து செந்தாமரை பிள்ளையை அணைத்தாள். பால் ரவிக்கையை நனைத்துக்கொண்டு தானே வழிந்தது. குழந்தையோ இரண்டு தடவை சப்பிவிட்டு, விருந்து சாப்பிட்டு வந்த ஆளைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு தூங்கிப்போனான். காதைத் தடவியும், காலைச் சுண்டியும் எழவில்லை.

"இப்படித்தான் தெனமுமா?"

"ரெண்டு நாளா இப்படித்தான். வயிறு நெறஞ்சிருச்சுன்னு நெனச்சேன்."

"செவ்வாய்க்கிழமை வந்து திரும்ப எடை போடுவேன். அப்பவும் கூடலேன்னா மன்னார்குடி ஆஸ்பத்திரியில சேர்த்துடணும். நடுவுல சோர்ந்து போனான்னா செவ்வாய் வரைக்கும் காத்துக்கிட்டு இருக்காத, ஒடனே போன் போடு."

செந்தாமரையின் கண் நிறைந்தது. சம்பா நடவு நடக்கிறது, வீட்டில் நாலு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அவள் சொல்லவில்லை. வேறொன்று சொன்னாள்.

"ஊரு வாயி பலிச்சுருச்சா சிஸ்டர்? அஞ்சாவதுக்கு எங்க பால் இருக்கும்னு கடையில வச்சே சொன்னாங்க. நாலையும் இந்தக் கையாலதான வளர்த்தேன். இந்த ஒண்ணுக்கு நான் போதலயா?"

ஜெயபாரதிக்குத் தான் கேட்ட பழைய கேள்வியும் அந்த ஊர் வாயில் சேர்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. "பைத்தியம் மாதிரிப் பேசாத. பால் வழியுது. பிரச்சனை உன்கிட்ட இல்ல. கொஞ்ச நேரம் இருந்து பாக்குறேன்" என்று கூடத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"செழியா, சிஸ்டருக்கு டீ போடுறா" என்றாள் செந்தாமரை.

அடுப்படியில் டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. "சீனி இல்லம்மா."

"என்னடா இல்ல? இப்பதான ரேஷன்ல வாங்குனேன்!"

நாலு பிள்ளைகள் இருக்கும் வீடு சட்டென்று அமைதியானால், அதில் ஏதோ இருக்கிறது என்று பிள்ளை பெற்ற எவளுக்கும் தெரியும். செம்மொழி சீப்பில் சிக்கிய முடியை எடுத்தாள். குந்தவை சுவரைப் பார்த்தாள். பொன்னி பூனையின் காதில் ஏதோ சொன்னாள்.

ஜெயபாரதி எழுந்து தூளிக்குப் பக்கத்தில் போனாள். உத்தரத்தில் கட்டிய பழைய நூல்சேலைத் தூளி. சுவரிலிருந்து கயிறு வழியாக ஒரு மெல்லிய சிவப்புக் கோடு இறங்கிவந்தது. எறும்பு.

கையால் தட்டிவிட்டு அவள் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"இந்தப் பிள்ளைக்கு யாரு சேனை வச்சது?"

பிறந்த பிள்ளையின் நாக்கில் சீனித் தண்ணீர் ஒரு சொட்டு தொட்டு வைப்பது அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. வைத்தவர் குணம் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். அதனால் நல்ல மனசுக்காரராகப் பார்த்துத்தான் வைக்கச் சொல்வார்கள்.

"நம்ம கமருன்னிஸா அக்காதான்" என்றாள் செந்தாமரை. "வீட்டுக்கு வந்த அன்னைக்கு ஒரே ஒரு சொட்டு. இந்தத் தெருவுல அவங்க மாதிரி மனசு யாருக்கு இருக்கு? அதோட சரி."

"அதோட சரியா?" என்று ஜெயபாரதி பிள்ளைகளைப் பார்த்தாள். "அடிக்க மாட்டேன். சொல்லுங்க."

பெரியவளுக்குத்தான் முதலில் தாங்கவில்லை. "நான் ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு ஸ்பூன், வந்து ஒரு ஸ்பூன் சிஸ்டர். கணக்குல நான்தான் ஃபர்ஸ்ட். அவனுக்கும் வரட்டும்னுதான்…"

"அடிப்பாவி, நீயுமா?" என்றான் நெடுஞ்செழியன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"நீ எதுக்குடா?" என்றாள் செந்தாமரை.

"ஆத்துல என்னைய மாதிரி நீந்தணும்ல."

குந்தவை அழத் தொடங்கினாள். "கமரு பெரியம்மாவுக்கு மட்டும் சொன்னீங்க. எங்களை யாரும் கூப்பிடல. நான் யாருகிட்டயும் சண்டை போட மாட்டேன்ல? அந்தக் குணம் அவனுக்கு வேணாமா?"

"நீ சண்டை போட மாட்டியா!" என்று அண்ணனும் அக்காவும் ஒரே குரலில் கேட்டார்கள். அந்த நேரத்திலும் செந்தாமரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பொன்னி தானாகவே முன்னால் வந்து நின்றாள். "நான் ஊசி போட்டா அழ மாட்டேன். பாப்பாவும் அழக் கூடாது. அதான் நெறையக் குடுத்தேன்."

ஆளுக்கு ஆள் தெரியாமல், தான் மட்டும்தான் கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, ஒரு வீடே அந்தச் சின்ன வயிற்றைச் சீனித் தண்ணீரால் நிரப்பியிருக்கிறது. பிறகு எங்கே பசிக்கும்? பசிக்காதவன் எதற்காக அழுவான்?

முழங்கால் வரை சேற்றோடு இளவழகன் வாசலில் வந்து நின்றது அப்போதுதான். சாப்பாட்டுக்கு வந்தவன் பாதிப் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். கால் கழுவப் போகாமல் அங்கேயே நின்றான்.

"ஏங்க, கேட்டீங்களா உங்க பிள்ளைங்க பண்ணின கூத்த!" என்றாள் செந்தாமரை.

இளவழகன் தலைத்துண்டை அவிழ்த்தான். மறுபடி கட்டினான். "பிள்ளைங்கள மட்டும் சொல்லாத தாமர" என்றான்.

"நீங்களுமா?"

"வயலுக்குப் போறப்ப தெனம் ஒரு வாய்."

"உங்ககிட்ட என்னங்க குணம் இருக்கு, ஒட்ட வைக்க?" என்று கேட்டுவிட்டு, நர்ஸ் எதிரில் கேட்டுவிட்டோமே என்று செந்தாமரை வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்கிட்ட ஒண்ணும் இல்லன்னுதான்" என்றான் இளவழகன். "நீ தண்ணி குடிச்சு வச்ச டம்ளர் இருக்குல்ல, அதைக் கழுவாம, அதுல கரைச்சு வச்சேன். என் குணம் வேணாம், உன் குணம் ஒட்டட்டும்னு."

செந்தாமரை முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்தாள். பிள்ளைகள் அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

ஜெயபாரதி திட்டுவதற்கென்று சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கோ போய்விட்டது. இருபது வருஷமாக வீடு வீடாகப் போகிறாள். அலட்சியத்தால் இளைத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறாள். அன்பு கூடிப்போய் இளைத்த பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறாள். ஆனாலும் தப்பு தப்புத்தான். குழந்தைக்கு அன்பு எது, தண்ணீர் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

எல்லோரையும் பாயில் உட்காரச் சொன்னாள்.

"இங்க பாருங்க. சீனித் தண்ணியில எடை ஏறாது. நோவு வேற வரும். ஆறு மாசத்துக்குத் தாய்ப்பாலத் தவிர ஒரு சொட்டுத் தண்ணிகூடப் படக் கூடாது. பச்சத் தண்ணியும் வேணாம், தேனும் வேணாம். புரியுதா?"

தலைகள் ஆடின.

"உங்க குணமெல்லாம் அவனுக்குப் போகணும், அவ்வளவுதான? அதுக்கு ஒரே வழிதான் இருக்கு." செந்தாமரையைக் காட்டினாள். "இந்த வழி. அம்மாவுக்கு ஊட்டுங்க. அவ சாப்பிட்டா பாலா மாறி அவன்கிட்ட போயிரும். அண்ணே, உங்களுக்கும்தான். அவ குணம் வேணும்னா பிள்ளைய அவ பாலைக் குடிக்க விடுங்க."

பிறகு பிள்ளைகளைக் கேட்டாள். "காலையில அம்மா என்ன சாப்பிட்டா?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் தெரியவில்லை. மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. செந்தாமரை, "இனிமேதான் சிஸ்டர். இதுங்க எல்லாம் முடிக்கட்டும்னு…" என்று இழுத்தாள்.

செம்மொழியின் முகம் மாறியது. எழுந்து அடுப்படிக்குப் போனாள். தட்டில் சோறும் பூண்டுக் குழம்பும் கொண்டுவந்து அம்மாவின் எதிரில் வைத்தாள். அந்த வீட்டில் முதல் தட்டு அம்மாவுக்கு விழுந்தது அன்றைக்குத்தான்.

செவ்வாய்க்கிழமை வரை ஜெயபாரதிக்கு நிம்மதியில்லை. தினமும் போனில் விசாரித்தாள். "இப்ப விடாம குடிக்கிறான் சிஸ்டர்" என்றாள் செந்தாமரை. என்றாலும் தராசு சொன்னால்தானே உண்டு? செவ்வாய் காலை பெருமாள் கோவில் கோபுரத்தைக் கண்டதும் ஸ்கூட்டியில் இருந்தபடியே ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். டீக்கடையில் வைரக்கண்ணு ஏதோ சொன்னார். அவள் காதில் விழவில்லை.

வாசலிலேயே மீன் மணம் வந்தது. கமருன்னிஸா கோடியக்கரையிலிருந்து தம்பியிடம் சொல்லி வரவழைத்த, பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறக் கொடுக்கும் பால்சுறாவைப் புட்டாக உதிர்த்துக் கொண்டுவந்திருந்தாள். "ஒரு சொட்டு வச்சதுக்கே இத்தனை வேலை வச்சுட்டான் பாருங்க நர்ஸம்மா, உங்க பேஷண்டு" என்றாள்.

கூடத்தில் அதே ரயில்தான். இந்தத் தடவை அது செந்தாமரையை நோக்கி ஓடியது. பள்ளிக்கூடச் சீருடையில் மூன்று பேரும் வரிசையாக நின்று, ஆளுக்கொரு உருண்டை அம்மா வாயில் வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார்கள். "கணக்கு" என்றாள் செம்மொழி. "நீச்சல்" என்றான் நெடுஞ்செழியன். குந்தவை, "சண்டை போடாதது" என்று சொல்லிவிட்டு, அண்ணன் சிரிக்கிறானா என்று முறைத்துப் பார்த்தாள். இளவழகன் மூலையில் உட்கார்ந்து குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வாயையும் கடவுள் இரண்டு கைகளோடுதான் அனுப்புகிறார். அந்தக் கைகள் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று காட்டிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

"எடை போடுவோமா?"

பள்ளிக்குக் கிளம்பியவர்கள் வாசலில் நின்றுவிட்டார்கள். ஜெயபாரதி துணிப்பையில் குழந்தையை வைத்தாள். குளிர்ந்த துணி முதுகில் பட்டதும் அவன் முகம் சுருங்கியது, சிவந்தது. வாயைத் திறந்து, தெருக்கோடி வரை கேட்கும்படி வீறிட்டான்.

"ஐயோ, அழுவுறானே!" பொன்னிக்கு அழுகை முட்டியது. "நான் குடுத்தது ஒட்டவே இல்ல!"

ஜெயபாரதி எண்ணைப் பார்த்தாள். இரண்டாம் முறை பார்க்கத் தேவையிருக்கவில்லை. பிறந்த எடையைத் தாண்டி ஏறியிருந்தது.

"ஏறிடுச்சுடி செந்தாமரை. ஆஸ்பத்திரி வேணாம்."

செந்தாமரை கையெடுத்துக் கும்பிட்டாள். சாமியையா, நர்ஸையா, எதிரே நின்ற பிள்ளைகளையா என்று தெரியவில்லை. குழந்தையை வாங்கி மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

ஜெயபாரதி பொன்னியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "ஊசி போடுறப்ப அழாம இருக்க அப்புறமா நீ சொல்லிக்குடு. இப்ப அழட்டும். பசிக்குதுன்னு அவன் சொன்னாத்தான அம்மாவுக்குத் தெரியும்?"

பொன்னி யோசித்தாள். பிறகு குனிந்து, பால் குடித்துக்கொண்டிருந்த தம்பியின் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "நல்லா அழு, என்ன?" என்றாள்.