மஞ்சள் காரின் வலது பக்கம்

காலை ஒன்பது பத்துக்கு எழிலின் காரை இரண்டு ஆடுகள் தின்றுகொண்டிருந்தன.

தாயில்பட்டிக் கடையில் மஞ்சள் பெயிண்ட் டின் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டியில் திரும்பியவள், தூரத்திலேயே பார்த்துவிட்டாள். ஒன்று, பக்கத்து வீட்டு வெள்ளைத்தாயின் கிடா. அதன் தலை காரின் பின் மட்கார்டுக்குள் இருந்தது. வால் மட்டும் வெளியே ஆனந்தமாக ஆடிக்கொண்டிருந்தது.

"ஏங்க! ஏங்க!"

அவள் புருஷன் முனியராஜ், காரின் மறுபக்கத்தில் குத்தவைத்து, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு முன்விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்னத்துக்குப் புள்ள கத்துற?"

"வண்டிக்கு அந்தப் பக்கம் போய்ப் பாருங்க!"

போய்ப் பார்த்தான். அவன் போட்ட சத்தத்தில் ஆடுகள் நாலு கால் பாய்ச்சலில் ஓடின. கிடா மட்டும் கொஞ்ச தூரம் போய் நின்று, வாயில் மிச்சமிருந்ததை மென்று முடித்தது.

இடது பக்கத்திலிருந்து பார்த்தால், அது இத்தாலியில் பிறந்த ராட்சசன். தரையை உரசும் மூக்கு. சுறாமீன் செவுள் மாதிரி மூன்று காற்றோட்டங்கள். பின்னால் றெக்கை. பளபளக்கும் மஞ்சள்.

வலது பக்கத்தில் கதவுக்குக் கீழே ஒன்றுமில்லை. பின் மட்கார்டு பாதி இல்லை. பம்பரில் ஒரு கிடாயின் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை. அந்த ஓட்டை வழியாக முனியராஜின் பதினெட்டு வருஷத்து மாருதி, துருப்பிடித்த தகரத்தோடு வெட்கப்பட்டு எட்டிப் பார்த்தது.

பதினொரு மணிக்கு முதலாளி வருகிறார்.

முதலாளி என்றால் கனகசபாபதி. பட்டாசுக் கம்பெனிக்காரர். போன சீசனில் அவருடைய பூச்சட்டிப் பெட்டியின் லேபிளில், நெட்டிலிருந்து எடுத்த ஒரு வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் படம் போட்டிருந்தார்கள். எங்கேயோ இருந்த அந்தக் கார் கம்பெனியின் வக்கீல், எப்படியோ அந்தப் பெட்டியைப் பார்த்துத் தொலைத்தார். நோட்டீஸ் வந்தது. அத்தனை பெட்டிகளிலும் காரின் மேல் மயில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். கார் சக்கரத்தோடு மயில் போய்க்கொண்டிருந்தது.

"இந்த வருசம் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத கார் வேணும்" என்று முதலாளி சொல்லிவிட்டார். "ஆனா பாக்குறவன் வாயப் பொளக்கணும்."

எழில் அவரிடம் ஒன்பது வருஷம் காகிதக் குழாய் உருட்டியவள். கிராஃப்ட் காகிதத்தையும் மைதா பசையையும் அடுக்கடுக்காக ஏற்றி வெயிலில் காயவைத்தால், கட்டை மாதிரி ஆகிவிடும் என்பது அவள் விரலுக்குத் தெரியும். முனியராஜின் உடைந்த பம்பரை அப்படித்தான் ஒரு நாள் காகிதத்தில் செய்தாள். அதைப் பார்த்தவர்கள் கல்யாண ஊர்வலத்துக்கு வேண்டும் என்று கேட்டார்கள். ஊர் உலகத்தில் இந்த வேலைக்கு ஃபைபர்தான். ஆனால் ஃபைபர் பசையில் கலக்கிற மருந்து தானாகச் சூடாகும். தானாகச் சூடாகிற எதையும் இந்தப் பட்டாசு ஊர்க்காரர்கள் வீட்டுப் பக்கம் சேர்ப்பதில்லை.

காகிதத்துக்கு ஒரே ஒரு எதிரி, மழை. எழிலிடம் இருந்ததோ நாலு கம்பும் ஒரு தார்ப்பாயும்.

"நீ செய்யிற கார லேபிளுக்குப் படம் எடுப்போம். அது என் மனசுக்குப் பிடிச்சிருச்சுன்னா, ரோட்டோரத்துப் பழைய பேப்பர் குடோன் இருக்குல்ல, அந்தச் சாவி உனக்கு" என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். "சாயங்காலம் நாலு மணிக்கு பிரஸ்ல பிளேட் போடுறோம். அதுக்குள்ள படம் வரலைன்னா பழையபடி மயிலுதான். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கம்மா. வண்டி வலது பக்கம் பாத்துப் போகணும். இடது பக்கம் பாத்துப் போச்சுன்னா, அனுப்புன சரக்கு திரும்பி வந்துரும்."

வலது பக்கம் போகிற காரில் தெரிவது, காரின் வலது பக்கம். ஆடு தின்ற பக்கம்.

"ஏ புள்ள, பெயிண்ட் அடிச்ச பக்கத்த விட்டுட்டு இத மட்டும் எப்படித் தின்னுச்சு?"

எழில் மட்கார்டின் கடிபட்ட ஓரத்தைத் தடவினாள். கம்பெனிப் பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அந்தப் பசையை எந்த ஆடும் மோந்துகூடப் பார்க்காது. ஆனால் அதன் நீலம், மஞ்சள் பெயிண்டுக்கு அடியில் பச்சைப் பச்சையாகக் கசிந்தது. அதனால் மயில்துத்தம் இல்லாமலே கிண்டினாள். சுத்தமான மைதா. கொஞ்சம் உப்புக்கூடப் போட்டிருந்தால் பரோட்டாவே ஆகியிருக்கும்.

"திரும்ப ஒட்டிரலாமா?"

"காயறதுக்கு ரெண்டு நாள் வெயில் வேணும்."

"அப்ப இடது பக்கத்த எடுக்கச் சொல்லு."

"எடுத்தா வண்டி இடது பக்கம் போகும். சரக்கு திரும்பி வரும். சாவி போயிரும்."

மணி ஒன்பதே முக்கால். எழில் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு சடாரென்று எழுந்தாள்.

"நம்பர் பிளேட்டக் கழத்துங்க. எழுத்து இருக்கிற எதுவும் வண்டியில இருக்கக் கூடாது. அப்புறம் அந்த பம்புசெட் செவரு இருக்குல்ல? வலது பக்கத்த அதோட ஒட்டி நிப்பாட்டுங்க. எறும்பு போற அளவுக்குத்தான் இடம் இருக்கணும்."

"நான் எப்படி எறங்குறது?"

"இந்தப் பக்கமாத் தவ்வி வாங்க."

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, கரிசல் காட்டுப் பாதையில் வெள்ளைக் கார் வந்து நின்றது. முதலாளி இறங்கினார். பின்னால் கேமராவும் லேப்டாப்புமாக அவர் மகள் கீர்த்திகா. பிரஸ்ஸில் லேபிள் டிசைன் எல்லாம் அவள் பொறுப்பு.

முதலாளி மஞ்சள் காரைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஏம்மா... இது உம் புருசன் வண்டியா?"

"ஆமா மொதலாளி."

"போன மாசம் சாத்தூர்ல பெட்ரோல் பங்குல நாலு பேரு தள்ளிக்கிட்டு இருந்தாங்களே, அதுவா?"

"அதேதான் மொதலாளி" என்றான் முனியராஜ், பெருமையாக.

முதலாளி குனிந்து கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். முகம் கொஞ்சம் சுருங்கியது. "எல்லாம் சரி. ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கே? வெளிநாட்டு வண்டின்னா இடது பக்கம்ல இருக்கும். இப்ப உள்ள பொடுசுக பொல்லாததுக. பாத்த உடனே உள்ளூர் வண்டின்னு கண்டுபிடிச்சிரும்."

ஸ்டியரிங்கை எழில் யோசித்திருக்கவே இல்லை. அதற்குள் முதலாளி சுவர்ப் பக்கம் நகர்ந்தார்.

"அந்தப் பக்கம் எப்படி இருக்கு? பாப்பமா?"

"அந்தப் பக்கம் இன்னும் பெயிண்டே அடிக்கல மொதலாளி. நிழல்ல உக்காருங்க, எளநி வெட்டி வச்சிருக்கோம்."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

முதலாளி இளநீருக்குப் போனார். கீர்த்திகா போகவில்லை. பம்புசெட் சுவரின் இடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தாள்.

"அக்கா, என்னக்கா இது?"

"ஆடு, பாப்பா."

"அய்யய்யோ! அப்பா வலது பக்கம்தான் கேப்பாரு."

"பாப்பா, உங்க பழைய கம்பி மத்தாப்புப் பொட்டி ஞாபகம் இருக்கா? பச்சச் சட்டப் பையன். நான் லட்சம் பொட்டி ஒட்டியிருப்பேன். அவன் இடது கையில மத்தாப்பு பிடிச்சிருப்பான். சட்டப் பை வலது பக்கம் இருக்கும்."

கீர்த்திகாவின் கண் விரிந்தது. "பிரஸ்ல ஃபிலிமத் திருப்பிப் போட்டுட்டாங்கன்னு அப்பா இன்னமும் திட்டுவாரு."

"அத மாதிரி திருப்பிப் போடுங்க."

கீர்த்திகா சிரித்துக்கொண்டே கேமராவை எடுத்தாள். தரையில் படுத்தாள், பம்புசெட் தொட்டி மேல் ஏறினாள். முப்பது படம். பிறகு லேப்டாப்பை வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய் அப்பாவுக்கு முன்னால் வைத்தாள்.

முதலாளி இளநீரைக் கீழே வைத்தார். "என்ன பாப்பா இது? இடது பக்கம் போகுது! நான் என்ன சொன்னேன்? படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?"

"பொறுங்கப்பா."

ஒரு பொத்தானைத் தட்டினாள். படம் புரண்டது. கார் வலது பக்கம் பாய்ந்தது.

முதலாளி திரைக்கு மூக்கைக் கொண்டுபோனார். எழில் முந்தானையைக் கையில் சுற்றி இறுக்கினாள்.

"தாயி" என்றார் மெதுவாக. "ஸ்டியரிங்க எப்ப இடது பக்கம் மாத்துன?"

எழிலும் கீர்த்திகாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திரும்பிய படத்தில் ஸ்டியரிங்கும் திரும்பியிருந்தது. இதை இரண்டு பேருமே நினைத்திருக்கவில்லை.

"அச்சு அசல் வெளிநாட்டு வண்டி!" முதலாளி தொடையைத் தட்டினார். "பின்னால துபாய் கட்டடத்த வச்சிரு பாப்பா. நாலு மணி எதுக்கு, இப்பவே பிரஸ்ஸுக்கு அனுப்பு!"

முனியராஜ் விசிலடிக்க உதட்டைக் குவித்தான். அந்த நேரம் பார்த்து வெள்ளைத்தாய், கிடாயின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"ஏட்டி எழிலு! உன் வண்டியத் தின்னுட்டு எங் கிடா வயித்த ஊதிக்கிட்டு நிக்கிது. அதுல என்னட்டி போட்ட?"

விசிலுக்குக் குவித்த உதட்டை முனியராஜ் மூடிக்கொண்டான்.

முதலாளி எழுந்தார். நேராகச் சுவருக்கும் காருக்கும் நடுவில் போய், முடிந்த மட்டும் எட்டிப் பார்த்தார். கையை மட்டும் உள்ளே விட்டு, கடிபட்ட ஓரத்தில் ஒரு துண்டு பிய்த்தார். மோந்து பார்த்தார்.

"மயில்துத்தம் போடல."

"இல்ல மொதலாளி" என்றாள் எழில். "மஞ்சளுக்கு அடியில பச்சையாத் தெரிஞ்சுச்சு."

"ஒன்பது வருசம் எங்கிட்ட பசை ஒட்டிட்டு, மயில்துத்தம் போடாம ஒருத்தி ஒட்டியிருக்கா." அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறாரா, திட்டப் போகிறாரா என்று யாருக்கும் புரியவில்லை. பிறகு வேட்டி அவிழும் அளவுக்குச் சிரித்தார். "ஆடு தின்னதாலதான படத்தத் திருப்புனீங்க, ஸ்டியரிங்கும் மாறுச்சு! வெள்ளைத்தாயி, உங் கிடாவுக்கு நான் சுக்குக் கசாயம் வாங்கித் தாரேன். ஏலே முனியராசு, வண்டிய வெளிய எடு. நான் ஒரு ரவுண்டு போகணும்."

"ரோட்டுல போனா போலீஸ் பிடிச்சிரும் மொதலாளி."

"காட்டுக்குள்ளதாம்லே!"

ஒரு பக்கம் இத்தாலியும் மறு பக்கம் தாயில்பட்டியுமாக மஞ்சள் கார் கரிசல் புழுதியில் வட்டமடித்தது. வட்டத்துக்கு வட்டம் வலது பக்கத்திலிருந்து ஒரு காகிதத் துண்டு உதிர்ந்தது. வயிறு ஊதிய கிடா, வெள்ளைத்தாயின் பிடியை உதறிவிட்டு அதன் பின்னாலேயே ஓடியது.

மூன்றாவது சுற்றில் முதலாளி ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். ஒரு சாவி பறந்து வந்தது. எழில் தாவிப் பிடித்தாள்.

"குடோனுக்கு மொதல்ல கதவு போடு!" என்று கத்திக்கொண்டே போனார். "பூட்டு இருக்கு, கதவத்தான் கரையான் அரிச்சிருச்சு!"