தக்காளிக்கு ஒரு நிழல்

மொட்டை மாடியில் தக்காளிச் செடிகள் உச்சி வெயிலில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. தையல்காரர் கடையைப் பாதியில் சாத்திவிட்டு, இரண்டு வாளித் தண்ணீரோடு மூச்சிரைக்க ஏறி வந்தார். காலையிலேயே ஒரு முறை ஊற்றியாகிவிட்டது. ஆனால் வாடினதைக் கண்டால் மனுஷனுக்குக் கை சும்மா இருக்காது. மனைவி கோபித்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனதிலிருந்து இதே பாடுதான்.

கோபத்துக்குப் பெரிய காரணமும் இல்லை. அவள் சற்றுப் பேசாமல் உட்கார்ந்தால் போதும், என்ன ஏது என்று துளைத்தெடுத்துவிடுவார். "கொஞ்ச நேரம் என்னைச் சும்மா விடுங்களேன்" என்று கும்பிட்டுப் பார்த்தவள், ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். திரும்பி வருவாளா மாட்டாளா என்பது அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. போனிலும் அவர் விட்டபாடில்லை. செடியைப் பற்றிப் பேசினால் மட்டும் அவள் வைக்காமல் கேட்பாள். வாளிகளைக் கீழே வைத்துவிட்டு இப்போதும் போன் போட்டார்.

"தக்காளி துவண்டு கிடக்கு. ரெண்டு வாளி ஊத்தவா?"

"மண்ணுல விரலை விட்டுப் பாருங்க."

விட்டார். புளித்த வாடை அடித்தது. "சேறா இருக்கு."

"அப்ப தண்ணிக்கு வாடல, வெயிலுக்கு வாடுது. நிழலைக் கட்டிட்டு விட்டுடுங்க, சாயந்திரம் தானா நிமிரும். அப்பவும் நிமிரலைன்னா வேர் அழுகிடுச்சுன்னு அர்த்தம்."

அவருக்குச் சுருக்கென்றது. கடையிலிருந்து வெள்ளை லைனிங் துணியை எடுத்து, ஓரம் மடித்துத் தைத்து, நாலு மூலையிலும் நாடா வைத்துக் கொடிக் கம்பிகளில் கட்டினார். தையலில் ஒரு குறை சொல்ல முடியாது. வாளிப் பக்கம் போன கையை இழுத்துக்கொண்டு கீழே இறங்கி, யாருடைய சட்டைக்கோ பொத்தான் மாட்டக் காஜா எடுத்தார்.

வெயில் தாழ்ந்ததும் ஏறிப் பார்த்தார். எல்லாம் நிமிர்ந்திருந்தன, அவள் விதை போட்டு வளர்த்த மூலைச் செடியைத் தவிர. தொட்டு இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. வேர் கறுத்துக் குழைந்திருந்தது. வேறு நாற்று வாங்கி நட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று மனம் கணக்குப் போட்டது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் போன் செய்தார்.

"மூலைச் செடி போச்சு. ஊத்தி ஊத்தி நான்தான் கொன்னுட்டேன்."

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. ஏதாவது கேட்டுவிட வேண்டுமென்று நாக்கு நுனி வரை வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, போனைக் காதோடு அழுத்தியபடி நின்றார். அவள் மூச்சு விடுவது கேட்டது. அந்த வீட்டில் பாத்திரம் உருண்டது, தங்கை என்னவோ சொன்னாள். தலைக்கு மேல் துணி காற்றில் உப்பி உப்பி அடங்கியது. அவள் போனை வைக்கவில்லை. அவரும் பேசவில்லை.