சும்மா ஓடுறன்

2024 ஓகஸ்ட் 14, புதன். நேற்று எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. கட்டுவனுக்கு அப்பால் என் வேகம் கூடியதற்குப் புதுச் சப்பாத்துதான் காரணம் என்று எழுதியிருந்தேன். நேற்று நான் போட்டுக்கொண்டு போனது பழைய சப்பாத்து. புதியது கட்டிலுக்குக் கீழே பெட்டிக்குள் இருக்கிறது. ஆகவே காரணம் வேறு. இன்னும் தெரியவில்லை.

இதை எழுதிவிட்டு ஜெனிற்றா அடிமட்டத்தை எடுத்து, முதல் நாள் வரியின் மேல் நேராக ஒரு கோடு கீறினாள். அழிக்கவில்லை. வேலை முடிந்து கொக்குவிலில் அவள் போகிற பின்னேரக் கணக்கியல் வகுப்பில் கிறிஸ்துநாயகம் சேர் முதல் நாளே சொல்லியிருந்தார்: "பிழையை அழிக்கிறவன் கள்ளன். கோட்டைக் கீறிப்போட்டுக் கீழை சரியை எழுதுங்கோ." ஓட்டக் கொப்பிக்கும் அவள் அதையே சட்டமாக வைத்துக்கொண்டாள். கோடு கீறாத பக்கம் அதில் குறைவு.

வீட்டில் அவளுக்கு 'அரைவாசி' என்று ஒரு பெயர் இருந்தது. வைத்தவன் அண்ணன் பிறேம். தையல் வகுப்பை அரைவாசியில் விட்டாள். தேவாலயப் பாடகர் குழுவில் ஒரு நத்தாருக்குப் பாடியதோடு சரி. போன வருடம் மரதன் ஓடப் போனவள் பாதி வழியில் வீதியோரம் குந்திவிட்டாள். பின்தங்கியவர்களை ஏற்றிக்கொண்டு வருகிற வான் அவளையும் ஏற்றிக்கொண்டது. அந்த வானின் யன்னலால் பார்த்தபோது, அவளைப்போல இரண்டு மடங்கு வயதான ஒருவர் நரைத்த தலையோடு ஓடிக்கொண்டே இருந்தார். அது அவள் மனதில் முள்ளாகக் கிடந்தது. இந்த வருடமும் பெயர் கொடுத்திருந்தாள். குறித்த நேரத்துக்குள் முடிக்காதவர்களை வான் அள்ளிக்கொண்டு போய்விடும். இப்போதைய வேகத்தில் ஓடினால் அந்த வானில்தான் திரும்பி வரவேண்டியிருக்கும் என்பதை அவள் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தாள்.

"றோட்டிலை ஓடாதை பிள்ளை, மைதானத்திலை ஓடு" என்பாள் அம்மா வினிபிரட். "முந்திச் சண்டை நேரம் ஆரும் ஓடினா ஏனெண்டு கேக்கமாட்டம். உலையை இறக்கி வைச்சிட்டு நாங்களும் ஓடுவம். கேட்டுக்கொண்டு நிண்ட ஆக்கள் நிண்டதுதான்."

"இவள் ஓடுறதைப் பாத்து ஆரம்மா பின்னாலை ஓடப்போகினம்?" என்றான் பிறேம், வாய் நிறையப் புட்டோடு. "இவளை முந்திக்கொண்டெல்லோ போவினம்!"

"போடா" என்றாள் ஜெனிற்றா. அவன் பொய் சொல்லவில்லை என்பதுதான் அவளுக்குச் சுட்டது.

விடியற்காலையில் உடுவிலில் இருந்து புறப்பட்டு, சுன்னாகம் தாண்டி, கட்டுவன் தாண்டி, கடல் பக்கம் போகிற வீதியில் ஓடுவாள். கட்டுவனுக்கு அப்பால் சனம் குறைந்துவிடும். நீண்ட காலம் ஆமியின் முட்கம்பிக்குள் கிடந்து பிறகு விடுபட்ட காணிகள் அவை. வீதியின் இரண்டு பக்கமும் வீடுகள் இருந்தன, கூரைகள் இல்லை. கதவு நிலைகளைக்கூட யாரோ கழற்றிப் போயிருந்தார்கள். உள்ளே வேம்பும் எருக்கலையும் ஆள் உயரத்துக்கு நின்றன. ஒரு வளைவில் மதில் இடிந்த வளவு. அதைத் தாண்டினால் வீதியோரத்திலேயே ஒரு பொதுக்கிணறு. அதற்கும் அப்பால் கூரையில்லாத பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் மட்டும் புதுத் தகரக் கூரை ஒன்று மினுங்கியது. அது தாயின் காணிக்குத் திரும்பி வந்து குடியேறிய சுவர்ணாவின் வீடு. வாசற் படலையோடு, தட்டி வைத்து அடைத்த ஒரு சிறு தேநீர்க் கடை போட்டிருந்தாள். ஜெனிற்றா அங்கே தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவாள்.

வேகம் கூடியது அந்தத் திரும்புகிற ஓட்டத்தில்தான். பள்ளிக்கூடத்துக்கும் வளைவுக்கும் இடையில். போகும்போது தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று முதுகில் தள்ளும், அப்போது கூடியிருந்தால் காரணம் விளங்கும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறைகிறது. கைபேசி காட்டிய வேகமோ அவள் வாழ்நாளில் ஓடாத வேகம். காற்று இல்லை, சப்பாத்து இல்லை. காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததா? அடுத்த நாள் காதிலிருந்ததைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு ஓடினாள்.

அப்போதுதான் கேட்டது.

முதலில் ஒரு சோடிக் கால்கள், சற்றுத் தள்ளி. பிறகு இன்னொரு சோடி. பிறகு ஒழுங்கைகளில் இருந்து இறங்கி வந்து சேர்ந்தாற்போல இரண்டு பக்கமும். இறப்பர்ச் செருப்புகள் தாரில் அடிக்கும் சத்தம். வெறுங்கால்கள். உருட்டிக்கொண்டு ஓடுகிற சைக்கிள் ஒன்றின் டிக்டிக். ஏதோ ஒரு பானையின் மூடி ஆடியது. மதில்களில் பட்டு வரும் எதிரொலி என்று நினைத்து, சோதித்துப் பார்க்க நின்றாள். எதிரொலி என்றால் அவளோடு நின்றிருக்க வேண்டும். அந்தக் கால்கள் ஒவ்வொன்றாக நின்றன. முன்னால் வந்தவை முதலில், பின்னால் வந்தவை பிறகு, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு. கடைசியாகப் பானை மூடி ஒரு முறை ஆடி ஓய்ந்தது.

திரும்பிப் பார்த்தாள். வெறும் வீதி. எருக்கலை காற்றில் ஆடியது.

வளைவு வரும்வரை எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. கைபேசிக்குத் தெரிந்திருந்தது. அன்றுதான் அவளுடைய மிகச் சிறந்த வேகம்.

இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் குடிக்க நின்றபோது சுவர்ணா கேட்டாள். மெலிந்த, முப்பது வயதைத் தாண்டிய பெண். கண் எப்போதும் வீதியில்தான் இருக்கும்.

"தங்கச்சி, ஒண்டு கேக்கட்டே? திரும்பிப் போகேக்கை ஓடித்தான் போகவேணுமோ? வளைவு வரைக்கும் நடந்து போனா ஆகாதோ?"

"ஏன் அக்கா?"

"உமக்குக் கேக்கேல்லையே?"

ஜெனிற்றா போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"கேட்டிருக்கெண்டு முகத்திலை எழுதிக் கிடக்கு. சைக்கிள் போனா ஒண்டுமில்லை. ஆமியின்ரை ட்ரக் போனாலும் ஒண்டுமில்லை. தெற்குப் பக்கமாய் ஆரும் ஓடினாத்தான் எழும்பி வருகினம். நீர் போன பிறகும் கொஞ்ச நேரம் கேக்கும்."

"ஆரக்கா அவை?"

"எங்கடை ஆக்கள்தான்" என்றாள் சுவர்ணா, அடுத்த வளவுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல. "தொண்ணூறாம் ஆண்டு ஆனியிலை இந்தத் தெரு முழுக்க ஓடினது. முதல் ஓடினது ஆரெண்டு இண்டைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. ஒராள் ஓட, அதைப் பாத்து மற்றவை ஓட… நான் அப்ப பிறக்கேல்லை. நான் அகதி முகாமிலை பிறந்த ஆள். செத்துப்போன என்ரை அம்மா சொன்ன கதைதான். போய்ச் சேந்த ஆக்கள் சேந்திட்டினம். சேராத ஆக்களும் இருக்கினம்தானே."

தேநீரை ஆற்றிக்கொண்டே தொடர்ந்தாள். "அம்மாவின்ரை தம்பி ஒராள். பிரகலாதன். எனக்கு மாமா முறை." அவளுக்கே சிரிப்பு வந்தது. "ஆறு வயசு மாமா! கிணத்தடியிலை ஒரு செருப்புக் கழண்டு போச்செண்டு அம்மாவின்ரை கையை உதறிப்போட்டுத் திரும்பிப் போனவர். அவ்வளவு சனத்துக்கை அம்மாவாலை திரும்பேலாமல் போச்சு."

"பிறகு?"

"பிறகென்ன? தேத்தண்ணி ஆறுது, குடியும்."

ஜெனிற்றா குடித்தாள். "சரியக்கா, நடந்து போறன்" என்றாள். அன்று நடந்துதான் போனாள். வீதி அமைதியாக இருந்தது. கொப்பியில் அன்றைய வேகத்தை எழுதியபோது, வானின் யன்னலும் நரைத்த தலையும் கண்ணுக்குள் வந்தன.

மறுநாள் ஓடினாள். செத்தவர்களுக்குக் களைக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மரதன் பயிற்சியில் ஒரு துண்டு வீதியை எடுத்து வேகமாக ஓடுவதும், நடந்து திரும்பி வந்து மறுபடியும் ஓடுவதும் எல்லோரும் செய்வதுதானே? பள்ளிக்கூடத்திலிருந்து வளைவுக்கு ஓட்டம், நடந்து திரும்பல், மறுபடி ஓட்டம். ஒவ்வொரு முறையும் அந்தத் தெரு அவளுக்குப் பின்னால் புதிதாக எழும்பி ஓடியது. முதுகு கூசியது, கால்கள் பறந்தன. கடைசி முறை திரும்பி வந்தபோது சுவர்ணா தட்டியைச் சாத்திவிட்டு உள்ளே போயிருந்தாள்.

இப்படி ஒரு கிழமை போயிற்று. கொப்பியில் கோடுகள் குறைந்தன. வேறு வீதிகளிலும் மூச்சு இலகுவானது. பிறேம் கைபேசியை வாங்கிப் பார்த்துவிட்டு, "எடி, இது உன்ரை போன்தானே?" என்றான். "முக்காவாசி எண்டு கூப்பிடலாம் போலை கிடக்கு." அம்மாகூடச் சிரித்தாள். ஜெனிற்றாவும் சிரித்தாள். ஆனால் இந்த முன்னேற்றம் தன்னுடையதா, அல்லது தன்னைத் துரத்திக்கொண்டு வருகிற பயத்தினுடையதா என்று அவளுக்குத் தெரியவில்லை. பயத்தினுடையது என்றால், அது யாருடைய பயம்?

அதற்கு அடுத்த ஓட்டத்தில், பின்னால் வந்த சத்தங்களை அவள் முதன்முறையாகப் பிரித்துக் கேட்டாள். செத்தவர்களுக்குக் களைத்தது. ஒரு பெண் மூச்சு வாங்கினாள். யாரோ முதியவர் இருமினார். எல்லோருக்கும் பின்னால் சின்னக் கால்கள், அவசர அவசரமாக. டப், டப், டப், டப். கிணற்றடியில் அது மாறியது. டப் என்று ஒரு கால், சத்தமில்லாமல் ஒரு கால். டப்… டப்… அவள் வேகமாக ஓட ஓட அது பின்தங்கியது. பிறகு நின்றது. பிறகு எதிர்ப் பக்கமாகத் திரும்பிப் போனது. பெண்ணின் கால்களும் தடுமாறின, ஆனால் மற்றக் கால்களோடு இழுபட்டு வந்தன.

வளைவில் ஜெனிற்றா முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். கைபேசி மெல்ல அதிர்ந்து, புதிய சாதனை என்று வாழ்த்துச் சொன்னது. இன்று மட்டும் நாலு முறை ஓடியிருந்தாள். நாலு முறையும் அந்தப் பிள்ளை திரும்பிப் போயிருக்கிறான். ஒரு கிழமையாக, அவளுடைய ஒவ்வொரு ஓட்டத்துக்கும்.

அன்றிரவு கொப்பியைத் திறந்து வேகத்தை எழுதினாள். அதற்குக் குறுக்கே கோடு கீறினாள். கீழே எழுதுவதற்குச் சரியானது எதுவென்று தெரியாமல் மூடிவைத்தாள்.

அடுத்த நாள் வெளிச்சம் பரவும்போது பள்ளிக்கூடத்தடியில் இருந்தாள். சுவர்ணாவின் தட்டி சாத்தியே கிடந்தது. ஜெனிற்றா தெற்கே பார்த்து ஓடத் தொடங்கினாள், மெதுவாக. கால்கள் எழும்பின. ஒழுங்கைகளில் இருந்து இறங்கின. சைக்கிள் டிக்டிக் என்றது. கிணற்றுக்குக் கிட்ட வந்ததும் நின்று, அவர்கள் பக்கம் திரும்பினாள். ஜெபம்கூட வாயில் வரவில்லை. வந்தது வேறு.

"ஒண்டுமில்லை" என்றாள். இன்னும் உரத்துச் சொன்னாள். "ஒண்டும் நடக்கேல்லை. பயப்பிடாதேங்கோ. நான் சும்மா ஓடுறன். மரதனுக்குப் பழகிறன். நீங்கள் வீட்டை போங்கோ."

காற்று நின்றது போலிருந்தது. பிறகு யாரோ ஒருவர் நீளமாக மூச்சுவிட்டார். பானையை நிலத்தில் வைக்கிற சத்தம். செருப்புகள் திரும்பின, ஓடவில்லை, இழுத்து இழுத்து நடந்தன. ஒவ்வொரு ஒழுங்கையிலும் கொஞ்சமாகப் பிரிந்து குறைந்தன. சைக்கிள் கடைசியாகப் போனது.

ஒரு சோடி மட்டும் போகவில்லை. டப் என்று ஒரு கால், சத்தமில்லாமல் ஒரு கால். கிணற்றைச் சுற்றி வந்தது. நின்றது. மறுபடியும் சுற்றியது. குனிந்து தேடுகிற பிள்ளையின் நடை.

"தம்பி" என்றாள் ஜெனிற்றா. "வாரும், வீட்டை போவம். கிட்டத்தான்."

அவள் வடக்கே நடந்தாள், வாழ்நாளில் நடந்த மிக மெதுவான நடை. பக்கத்தில் டப்… டப்… என்று வந்தது. இடுப்பளவில் ஒரு குளிர் அவள் கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கையை இழுக்கவேண்டும்போல் இருந்தது, இழுக்கவில்லை. சுவர்ணாவின் தகரக் கூரை தெரிந்தது. படலையில் சுவர்ணா நின்றாள். தட்டியைத் திறந்திருந்தாள். அவளுடைய பார்வை ஜெனிற்றாவின் முகத்தில் இல்லை, கொஞ்சம் கீழே இருந்தது.

"மாமா" என்றாள் சுவர்ணா, சின்னப் பிள்ளையைக் கூப்பிடுகிற குரலில். "வாங்கோ மாமா."

படலைக்கு நாலைந்து முழம் இருக்கையில் நடை நின்றது. வெறுங்கால் மண்ணைத் தேய்த்தது. பிறகு கையிலிருந்த குளிர் நழுவிப் போனது. டப்… டப்… என்று அது கிணற்றடிக்கே திரும்பிப் போயிற்று.

சுவர்ணா தேநீர் போட்டாள். சீனி போட மறந்திருந்தாள். இரண்டு பேரும் அதைக் கவனிக்காமல் குடித்தார்கள்.

"செருப்பில்லாமல் வீட்டை போனா மாமாவுக்கு அம்மம்மா அடிப்பாவாம்" என்றாள் சுவர்ணா கடைசியில். "அம்மா சொல்லுறவ. புதுச் செருப்பாம்."

உடுவிலுக்கு ஜெனிற்றா தன் சொந்த வேகத்தில் ஓடித் திரும்பினாள். பின்னால் ஒருவரும் இல்லை. கைபேசி எந்த வாழ்த்தும் சொல்லவில்லை. பழைய வேகத்தைவிடச் சற்றுக் கூட, அவ்வளவுதான். வான் வருவதற்கு முன் முடித்தாலும் முடிப்பாள், முடிக்காமலும் போவாள். அந்த வேகத்தை எழுதினாள். அதற்குக் குறுக்கே கோடு கீறவில்லை. அதற்குக் கீழே எழுதினாள்:

நாளை: வேலைக்குப் போக முதல் சுன்னாகம் சந்தையில் ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு சோடி இறப்பர்ச் செருப்பு வாங்க வேண்டும். அளவு தெரியாது, சற்றுப் பெரிதாக எடுக்கலாம். மறுநாள் விடிய அதைக் கிணற்றுக் கட்டின் மேல் வைக்க வேண்டும். அங்கிருந்து சுவர்ணா அக்காவின் படலைவரை நடை. மிச்சத் தூரம் ஓட்டம்.