வாரேன்னு போனீரே

அப்பா பாடி ஒரு தடவைகூடத் தான் கேட்டதில்லை என்று காவியா போனில் சொன்னபோது, மறுமுனையில் இருந்த அப்பாவின் பழைய ரசிகர் அப்துல் சுபஹான் சிரித்துவிட்டார்.

"என்னம்மா சொல்லுத? இந்தப் பக்கம் பபூன் சண்முகராஜ் பாட்டைக் கேக்காத காது உண்டா?"

"நெசந்தான் மாமா. வீட்டுல பாட மாட்டாங்க. நாடகத்துக்கும் எங்களக் கூட்டிட்டுப் போக மாட்டாங்க."

சுபஹான் சிரிப்பதை நிறுத்திக்கொண்டார்.

கோயில் கொடைத் திருவிழாக்களில் நாடகம் என்றால் ராஜா வருவதற்கு முன் பபூன் வர வேண்டும். பாடி, ஆடி, வேடிக்கை பேசிக் கூட்டத்தை உட்கார வைப்பது அவர் பொறுப்பு. முப்பது வருஷத்துக்கு மேல் அப்பா அதைச் செய்தார். "பொம்பளப் பிள்ளைங்க கேக்குற பாட்டு இல்ல அது" என்று சொல்லி, மனைவியையும் மகளையும் நாகலாபுரத்து வீட்டை விட்டு எந்த நாடகத்துக்கும் கூட்டிப் போனதில்லை. விடிந்து வருவார். குளிப்பார். மதியம் வரை தூங்குவார். காதுக்குப் பின்னால் வெள்ளைப் பவுடர் கொஞ்சம் ஒட்டியிருக்கும். சாப்பிடும்போது குழம்பு வேண்டுமா என்று கேட்டால் கையால் சைகை காட்டுவார். காவியாவுக்குத் தெரிந்த அப்பா அவ்வளவுதான்.

ஆவணியில் அவர் இறந்தபோது எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். உடலருகே நின்ற ஒருவர் ஏதோ ஒரு வரியைச் சொல்லி அழுதார். பக்கத்தில் நின்றவர் அதற்குச் சிரித்தார். பிறகு இருவரும் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். காவியா பார்த்துக்கொண்டு நின்றாள். அவர்களிடம் வேறொரு அப்பா இருந்தார். அவரை ஒரு தடவை, ஒரு பாட்டு நேரத்துக்கு மட்டும், தனக்கும் வேண்டும் என்று அன்றிலிருந்து அவளுக்கு இருந்தது.

"ஞாயித்துக்கிழமை வாரோம்" என்றார் போனில் சுபஹான். "முழுப் பாட்டையும் பாடிக் காட்டுதோம். எங்களுக்குத் தெரியாத பாட்டா?"

மூன்று பேர் வந்தார்கள். கோவில்பட்டியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சுபஹான் முதலில் வந்தார். பாஞ்சாலங்குறிச்சி தவசி, உளுந்து விதைக்கிற வேலையைத் தம்பியிடம் விட்டுவிட்டு மொபெட்டில் வந்தார். செருப்பில் கரிசல் மண் அப்பியிருந்தது. கடைசியாக பஸ்ஸில் புதியம்புத்தூர் நஸீமா வந்தார். நைட்டி தைக்கிற யூனிட்டில் வேலை.

நஸீமா உட்காரவில்லை. மாலை போட்ட படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"இவியதானா?" என்றார்.

"என்னக்கா, பார்த்ததில்லையா?" என்று காவியா கேட்டாள்.

"எங்க வீட்டு மொட்டை மாடியில உக்காந்து கோயில் ரேடியோ செட்டுக் கொழாயில கேக்கிறதுதான். கோயில் பக்கம் போனதில்லல்லா. மீசை பெருசா இருக்கும்னு நெனச்சிருந்தேன்."

அடுப்படியிலிருந்து காவியாவின் அம்மா கற்பகம் குரல் கொடுத்தாள். "மீசை இருந்தா பவுடர் நிக்காதுன்னு கல்யாணத்துக்கு மறுவாரமே எடுத்துட்டாவ."

சுபஹான் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்துக்கொண்டார். எந்தப் பாட்டு என்பதில் குழப்பமே இல்லை. வீட்டை விட்டுப் போன புருஷன் ரொம்ப நாள் கழித்துத் திரும்பி வருகிறான். பெண்டாட்டி வாசலில் நின்று கேட்கிறாள். அவன் சாக்குச் சொல்லுகிறான். புருஷன் பபூன். பெண்டாட்டியாகப் பாடுவது, உட்கார்ந்திருக்கிற கூட்டம் முழுவதும்.

டம்ளரில் தாளம் தட்டி சுபஹான் எடுக்க, தவசியும் சேர்ந்துகொண்டார்.

"வாரேன்னு போனீரே... வந்தீரா?"

காவியாவுக்குச் சிலிர்த்தது. அந்த வரியை அவள் எங்கேயோ கேட்டிருந்தாள். எங்கே என்று யோசிப்பதற்குள் டம்ளர் நின்றுவிட்டது.

"பாடும், பாய்" என்றார் தவசி.

"நீ பாடுலே."

"அது பபூன் பாடுற வரில்லா?"

"அதைத்தான் பாடச் சொல்லுதேன்."

"எங்க ஊருல, கோட்டைக்குக் காவல் நிக்கச் சொல்லிட்டாவன்னு ஏதோ சாக்குச் சொன்னாவ."

"எங்க ஊருல அப்படி இல்ல. ரயில்வே கேட்டுல நின்னேன்னு வரும். ஊருக்கு ஊரு மாத்துவாருல்லா."

"சரி, ரயில்வே கேட்டுல நின்னு? அப்புறம்?"

சுபஹான் கூரையைப் பார்த்தார். "அப்புறம்... சிரிச்சோம். என்ன சொன்னாருங்கது வரலியே. எம் பக்கத்துல இருந்த ஆளு பாயிலருந்து உருண்டுட்டான். அது நல்லா ஞாபகம் இருக்கு."

"செல்லுல எடுத்தீரே, அதைப் போடும்" என்றார் தவசி.

சுபஹான் போனைத் தேடி எடுத்தார். காவியா அதை வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டாள். ஹார்மோனியம். யாரோ இருமினார்கள். பிறகு வெடித்தாற்போல், "வாரேன்னு போனீரே" என்று சுபஹானின் குரல். அது முடிவதற்குள் விசில், சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு அடியில், எங்கோ கிணற்றுக்குள் இருப்பதுபோல ஒரு மெல்லிய குரல். மறுபடி போட்டாள். மறுபடி. அந்தக் குரல் என்ன சொல்கிறது என்று மட்டும் பிடிபடவில்லை.

"யோவ் பாய், உம்ம தொண்டையை யாரு பதிவு பண்ணச் சொன்னது?"

"அந்த விசிலு யாருதுலே? உங்க தாத்தனா வந்து அடிச்சாரு?"

காவியா போனைத் திருப்பிக் கொடுத்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் இருவரும் அடங்கிவிட்டார்கள்.

"முழுப் பாட்டும் தெரியும்னுதான் தாயி நெனச்சிட்டிருந்தேன்" என்றார் சுபஹான். "இத்தன வருசமா நம்ம வரியத்தான் நம்ம பாடிட்டிருந்திருக்கோம்."

வெயில் வாசலில் கிடந்தது.

"அவிய உடனே பதில் சொல்ல மாட்டாவ, அண்ணாச்சி" என்றார் நஸீமா. வந்ததிலிருந்து பாட்டைப் பற்றி அவர் பேசியது அதுதான் முதல். "கூட்டம் கேட்டு முடிச்சதும் ஒண்ணும் இருக்காது. மைக்குல மூச்சு மட்டும் கேக்கும். கரண்டு போயிருச்சோன்னு நான் மாடியில எந்திரிச்சு நிப்பேன். அதுக்கப்புறந்தான் பதிலு."

"என்ன பதிலுக்கா?" என்றாள் காவியா.

"அது காதுல விழுறதுக்குள்ளதான் இவிய எல்லாரும் சிரிச்சிருவாவளே."

டீத் தட்டோடு வந்த கற்பகம் நடுவீட்டில் நின்றாள். "என்ன கேப்பீய? அந்த வரிய இன்னொருக்கா சொல்லுங்க."

சுபஹான் கூச்சத்தோடு மெதுவாகப் பாடினார். கற்பகம் தட்டைத் தரையில் வைத்தாள்.

"அது நான் கேக்கிறதுல்லா?" என்றாள். "வாசல்ல நான் கேக்கிறதக் கொண்டுபோயி ஊரு பூரா பாட வச்சிருக்காவளே, இந்த மனுசன்!" முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "உங்களுக்காவது பதிலு சொல்லியிருக்காவ. இங்கன ஒரு நாளு சொன்னதில்ல. பெட்டியக் கையில வச்சிட்டு அப்படியே நிப்பாவ."

காவியாவுக்கு அப்போது தெரிந்தது. விடியற்காலை, பாதித் தூக்கம். வாசலில் அம்மாவின் கேள்வி. அதன் பிறகு ஒன்றும் இருக்காது. பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து வந்த அப்பாவின் மூச்சு மட்டும் கேட்கும். ரொம்ப நேரம் கழித்து, வேஷப் பெட்டியைத் தரையில் வைக்கிற சத்தம்.

"நஸீமா அக்கா சொன்ன மாதிரி பாடிப் பாப்போம்" என்றாள்.

பாடினார்கள். வரி முடிந்தது. நிறுத்தினார்கள். தவசிக்குப் பொறுக்கவில்லை, பழக்கத்தில் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"ஏலே, இருலே" என்றார் சுபஹான். "இப்பயாவது அவிய சொல்லட்டும்."

மறுபடி எடுக்க அவர் டம்ளரைத் தொட்டார். கற்பகம் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். போய் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெரு காலியாக இருந்தது. அதற்கப்பால் மழைக்குக் காத்துக் கிடந்த கரிசல். ராகம் எதுவும் இல்லாமல், எப்போதும் கேட்பதுபோல் கேட்டாள்.

"வாரேன்னு போனீரே. வந்தீரா?"

தவசி சிரிக்கவில்லை. நஸீமா எழுந்து நின்றிருந்தார்.

காவியா கண்ணை மூடிக்கொண்டாள். இந்த இடம் அவளுக்கு மனப்பாடம். இவ்வளவு நேரம் அவர் நிற்பார். இவ்வளவு நேரம் மூச்சு வாங்கும். பெட்டி தரையைத் தொடுகிற நேரம் வந்தது, அதையும் தாண்டிப் போனது. அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"இன்னொருக்கா கேளும்மா" என்றாள்.