கம்பேச்சேயில் இருக்கும் கொம்பன்

பொய் சொல்ல வராதவன் பழைய ஃப்ரிட்ஜ் விற்கக் கூடாது. கார்ப்பஸ் கிறிஸ்டி என்ற கடற்கரை ஊரின் வாரச் சந்தையில் இருபத்தைந்து வருடமாகக் கடை போட்டிருக்கும் எலிசெயோ லொங்கோரியாவுக்கு அது நன்றாகவே வரும். அவன் விற்ற ஃப்ரிட்ஜ்கள் எல்லாமே ஒரு கன்னியாஸ்திரீயிடமிருந்து வந்தவை. அந்த அம்மாள் பால் ஒன்றைத் தவிர வேறெதையும் அதில் வைத்ததே இல்லை. விற்கிறவனும் இதை நம்பவில்லை, வாங்குகிறவனும் நம்பவில்லை. ஆனால் கேட்க நன்றாக இருக்கும், பேரமும் படியும்.

அப்பேர்ப்பட்டவன் ஒரே ஒரு பொய்யை, அதுவும் வாய் திறந்து சொல்லாத பொய்யை, மூன்று வருடமாக வண்டியின் முன்பெட்டியில் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டுப் பூட்டி வைத்திருந்தான்.

அது விரல் நீளமுள்ள மஞ்சள் பட்டை. மேலே ஓர் எண். கரையிலிருந்து பெரிய சுறா பிடிக்கிறவர்கள், பிடித்ததை அளந்து, முதுகுத் துடுப்பின் அடியில் அப்படியொரு பட்டையைக் குத்தி, திரும்பக் கடலில் விட்டுவிடுவார்கள். எண்ணைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போடுவார்கள். பிறகு வேறு யாராவது எங்காவது அதே சுறாவைப் பிடித்தால் கடிதம் வரும். சில பேருக்கு வெராக்ரூஸிலிருந்து வந்திருக்கிறது. ஒருவருக்குக் கியூபாவிலிருந்து.

இந்தப் பட்டையைக் குத்தியவர்கள் இரண்டு பேர்: எலிசெயோவும் செஞ்சோவும். செஞ்சோ பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எலிசெயோவின் மகளுக்கு ஞானத்தந்தை. அதனால் இருவரும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருடப் பழக்கம், ஆனாலும் 'நீங்க' போட்டுத்தான் பேச்சு. கெட்ட வார்த்தையில் திட்டினாலும் மரியாதையோடுதான் திட்டுவார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஜூலையில் பாத்ரே தீவுக் கடற்கரையின் முப்பத்திரண்டாம் மைலில் அவர்களுக்கு ஒரு கொம்பன் சுறா மாட்டியது. சுத்தியலைக் குறுக்கே வைத்தாற்போலத் தலை, பதிமூன்று அடி நீளம். காளைச்சுறாவைப் பிடித்துக் கரையில் போட்டால் நம்மை முறைத்துவிட்டுப் போகும். புலிச்சுறா நம்மைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது. கொம்பன் மட்டும் அந்த உடம்புக்கு ஏற்ற நெஞ்சு இல்லாத பிராணி. இழுபறியிலேயே பாதி செத்துவிடும். அதைத் தண்ணீரைவிட்டு எடுக்கக் கூடாது, ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. அந்தக் கரையில் எல்லோருக்கும் இது தெரியும்.

செஞ்சோ அன்றைக்குச் சொன்னார், விட்டுருங்க கொம்பாத்ரே, அளவு கிடக்கட்டும் என்று. எலிசெயோதான் கேட்கவில்லை. அளவு நாடாவை எடுக்க வண்டிக்கு ஓடினான். நாடா கிடைத்தது, போனைக் காணவில்லை. போன் ஐஸ்பெட்டிக்கு அடியில் கிடந்தது. ஏழு நிமிடம். போட்டோ அருமையாக வந்தது. அப்புறம் செஞ்சோ மார்பளவு தண்ணீரில் நின்று, வாலைப் பிடித்து, அதற்கு மூச்சுத் திரும்பும்வரை நாற்பது நிமிடம் அதை மெள்ள மெள்ள நடத்திக்கொண்டு போனார். கடைசியில் அது வாலை ஒரு தடவை வீசிவிட்டுப் போயே போய்விட்டது. அறுபது வயது மனிதர் கரையில் உட்கார்ந்து தேம்பி அழுதார்.

மூன்றாம் நாள், மறந்து விட்டுவந்த படகு நங்கூரத்தைத் தேடி எலிசெயோ தனியாக வந்தபோது, எட்டு மைல் தெற்கே அலை ஒதுக்கிய பாசிக்கு நடுவே அது கிடந்தது. கண்ணை நண்டு தின்றிருந்தது. பட்டை மட்டும் புதிதாக இருந்தது. கத்தியால் அறுத்து எடுத்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தான். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தான்.

அந்த நாளையில்தான் செஞ்சோவின் மனைவி எர்மெலிந்தாவுக்குச் சிறுநீரகம் பழுது என்று டாக்டர் சொன்னார். வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரி. செஞ்சோ மீன்பிடிக்க வருவது நின்றது. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குச் சந்தைக்கடைக்குப் போன் மட்டும் வரும்.

"யூனிவர்சிட்டில இருந்து ஏதாவது வந்துச்சா, கொம்பாத்ரே?"

"இன்னும் ஒண்ணும் வரல, கொம்பாத்ரே."

யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பட்டை வண்டியில் இருந்தால் கடிதம் எப்படி வரும்? இந்த மாதிரி உண்மையை எலிசெயோ சந்தையில் நிறைய விற்றிருக்கிறான். சத்தமே போடாது என்று ஃப்ரிட்ஜை விற்றால் சத்தியமாகப் போடாது. உள்ளே மோட்டாரே இருக்காது.

பதினோரு மணி நெருங்கும்போதெல்லாம் போனைக் குப்புறத் திருப்பி வைப்பான். மற்ற நாட்களில் தனியாகக் கடற்கரைக்குப் போனான். தனியாகக் கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் இரையைக் கொண்டுபோய் இரண்டாம் மணல் திட்டுக்கு அப்பால் போட்டுவிட்டு வந்தான். வண்டியில் இரண்டு பேர் உட்காரும் இருக்கையின் இந்தப் பாதியில் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பாதியில் டாக்கோ பொட்டலத்தை வைத்தான். பெரிய சுறா எது மாட்டினாலும், உருவம் தெரியும் முன்னே தூண்டில் கம்பியை வெட்டிவிட்டான். தார்ச்சாலை முடியும் இடத்தில் இரைக்கடை வைத்திருக்கும் ஒஃபீலியா, சுறாக்களெல்லாம் சேர்ந்து எலிசெயோவை விவாகரத்து செய்துவிட்டதாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

பிப்ரவரியில் எர்மெலிந்தா போய்ச் சேர்ந்தாள். ஜூலையில் செஞ்சோ போன் செய்து, செவ்வாய்க்கிழமை நானும் வரேன் என்றார். சொல்லிவிட வேண்டும் என்று எலிசெயோ முடிவு செய்தான். ஏறும்போதே சொல்லிவிட வேண்டும்.

செஞ்சோ ஏறினார். பாதி ஆளாகியிருந்தார். டாக்கோ பொட்டலத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, இருக்கைக்கு வலிக்கும் என்பதுபோல் உட்கார்ந்தார். முப்பத்திரண்டு மைலும் அவர்தான் பேசினார். டயாலிசிஸ் என்றால் ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். அந்த நாலு மணி நேரமும் எர்மெலிந்தாவுக்குச் சொல்ல அவரிடம் வேறு கதை இல்லை. அதனால் கொம்பனைப் பற்றிச் சொன்னார். ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு வரைபடம் ஒட்டி, இந்த வாரம் தம்பிக்கோ, அடுத்த வாரம் தூஸ்பான் என்று தெற்கே கரையோர ஊர்களில் பென்சிலால் புள்ளி வைத்தார். பனிக்காலம் வந்ததும் அது வெராக்ரூஸுக்கு இறங்கியது. நர்ஸுகள்கூட வந்து விசாரித்தார்கள்.

"கடைசியா எங்க இருந்துச்சு தெரியுமா? கம்பேச்சேல. அங்க வெயிலா இருக்குமான்னு கேட்டா. நல்ல வெயில்னேன். சரின்னு கண்ண மூடிக்கிட்டா."

எலிசெயோ கியரை மாற்றினான். மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

பாரை மீனைப் பாதியாக வெட்டிக் கயாக்கில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தான். தூண்டில் கழியைப் பிடிக்க ஆள் இருந்தது. எவ்வளவு காலத்துக்குப் பிறகு. பத்தரை மணிக்கு ரீல் அலறியது. செஞ்சோ கழியைத் தாங்கும் வாரை இடுப்பில் கட்டிக்கொண்டு கால்களை மணலில் ஊன்றினார். முக்கால் மணி நேரம் அவரும் அதுவும் மாறி மாறி இழுத்தார்கள். எலிசெயோ வால்கயிற்றைத் தோளிலும் கம்பிவெட்டியைக் கையிலும் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றான். முதல் திட்டைத் தாண்டி அந்தத் துடுப்பு எழுந்தபோதே தெரிந்துவிட்டது. அவ்வளவு உயரமான துடுப்பு வேறெதற்கும் கிடையாது.

"கொம்பன்தானே கொம்பாத்ரே? புதுப் பட்டை என் பையில இருக்கு. அவ பேர வைக்கணும். கயித்த மாட்டுங்க. ஒரே ஒரு போட்டோ, கிச்சன்ல மாட்ட" என்றார் செஞ்சோ.

கம்பி கைக்கு வந்தது. சுறா பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. ஓரத்தில் இருந்த ஒற்றைக் கண் அவனைப் பார்த்தது, அல்லது பார்த்ததாக அவனுக்குப் பட்டது. கயிற்றை மாட்ட ஒரு நொடி போதும். எலிசெயோ வாயருகே கம்பியை வெட்டினான். கொம்பன் புரண்டு, அவன்மேல் ஒரு குடம் தண்ணீரை வாரி அடித்துவிட்டு, ஆழத்துக்குப் போயிற்று.

தளர்ந்த கழியோடு செஞ்சோ தண்ணீர் ஓரம் வரை வந்தார்.

"ஏன் கொம்பாத்ரே?"

எலிசெயோ ஈரக் காலோடு வண்டிக்குப் போய், கண்ணாடிக் கூட்டைக் கொண்டுவந்து திறந்து நீட்டினான். செஞ்சோ கழியைக் கீழே வைத்துவிட்டு, பட்டையை எடுத்து எண்ணைப் படித்தார். அந்த எண் அவருக்கு மனப்பாடம்.

"எப்போ?"

"மூணாம் நாள். எட்டு மைல் கீழ."

"மூணாம் நாள்" என்றார் செஞ்சோ. அவர் உதடு தம்பிக்கோ, தூஸ்பான் என்று ஊர்ப்பெயர்களைத் திரும்பச் சொல்வதுபோல அசைந்தது. அப்புறம் கேட்டார்: "என்ன பண்ணீங்க அத?"

"புதைக்கப் பார்த்தேன். ஒத்த ஆளா இழுக்க முடியல. அப்படியே விட்டுட்டு வந்துட்டேன்."

செஞ்சோ கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனே."

மன்னித்தேன் என்றோ மன்னிக்க மாட்டேன் என்றோ அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருக்கலாம். திரும்பும் வழியில் முப்பத்திரண்டு மைலும் வண்டியில் மணல் உரசும் சத்தம்தான். வீட்டு வாசலில் இறங்கும்போது, டாக்கோ மீதி இருக்கு, கெட்டுப்போயிடும், சாப்பிடுங்க என்றார். பட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை எலிசெயோ கடையைத் திறந்து போனை மேஜைமேல் எதிரே வைத்தான். பதினோரு மணி ஆயிற்று. மூன்று வருடமாக அடித்துவிடுமோ என்று நடுங்க வைத்த போன். பதினொன்றே கால். எடுத்துப் பார்த்தான், சார்ஜ் இருந்தது. ஓர் இளம் ஜோடி வந்து வெள்ளை ஃப்ரிட்ஜைத் தடவிப் பார்த்து, இது யாரிடம் இருந்தது என்று கேட்டது.

"தெரியலம்மா" என்றான் எலிசெயோ. "ராத்திரியில சத்தம் போடும்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அடுத்த கடைக்கு நகர்ந்தார்கள். பன்னிரண்டு வரை காத்திருந்துவிட்டு, அவனே எண்ணை அழுத்தினான். நெடுநேரம் மணி அடித்தது. செஞ்சோ எடுத்தார். பின்னால் சமையலறைக் குழாய் ஒழுகும் சத்தம் கேட்டது.

"யூனிவர்சிட்டிக்கு எழுதணும், கொம்பாத்ரே" என்றான் எலிசெயோ. "பட்ட உங்ககிட்ட இருக்கு. எண்ணு வேணும்."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் வந்தது. செஞ்சோ எண்ணைச் சொன்னார், ஒவ்வொரு இலக்கமாக, நிதானமாக. எலிசெயோ அதை ஃப்ரிட்ஜின் கதவிலேயே பென்சிலால் எழுதிக்கொண்டான். கடைசி இலக்கம் வந்ததும் போன் வைக்கப்பட்டது.