உள்ளங்கை பட்டால் ரத்து

அலுவலகத்தில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். சின்ன வயதிலேயே பார்வை போனவள். அவளுடைய போன் திரையை வாசித்துச் சொல்லும் வேகத்தைக் கேட்டால் மற்றவர்களுக்குத் தலை சுற்றும். அவளோ அதைக் கேட்டபடியே டீயும் குடிப்பாள், பக்கத்து மேசை வம்பையும் விடமாட்டாள். பார்வையில்லாதவர்களும் மங்கலாகப் பார்ப்பவர்களும் புழங்குவதற்கான கருவிகளை வடிவமைக்கிற கம்பெனி அது. அவள் கை படாமல் எந்தப் பொருளும் வெளியே போகாது. கண் தெரிந்தவர்கள் எல்லாரும் அவளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள். சும்மா சொல்லக்கூடாது, அந்த நம்பிக்கை அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது.

கடைசியாக அவள் கைக்கு வந்தது லிஃப்டுக்கான கண்ணாடிப் பலகை. பொத்தானே கிடையாது. வழவழப்பான கண்ணாடியில் ஒரு விரலை நகர்த்தினால் எந்த மாடி என்று குரல் சொல்லும். வேண்டிய இடத்தில் இரண்டு தட்டு தட்டவேண்டும். கதவைத் திறப்பதும் அவசர மணியும்கூட அதே கண்ணாடியில்தான். கூட்டத்தில் யாராவது சாய்ந்தால் எல்லா மாடியும் பதிவாகிவிடுகிறதே என்று எஞ்சினியர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டபோது வழி சொன்னவள் அவள்தான். ஒரு விரலுக்கு மேல் பட்டால் ரத்து. கை தட்டினார்கள். இவளுக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் பலகையை அவள் குடியிருந்த கட்டடத்திலேயே பொருத்தினார்கள். அடுத்தது ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரிக்கு.

வீட்டில் அவளும் அண்ணனும்தான். அண்ணன் பஸ் ஓட்டியவன். கண்ணில் அழுத்தம் ஏறி, போன வருஷம் பார்வை மொத்தமாகப் போனது. அதிலிருந்து வீட்டை விட்டு இறங்கவே இல்லை. "நான் பாத்துப் பாத்துச் செஞ்ச லிஃப்ட்ண்ணா, தைரியமா போ" என்று அவனைப் பிடித்துத் தள்ளாத குறையாகக் கிளப்பியதும் அவள்தான்.

ஒரு நாள் அவள் வேலையிலிருந்து திரும்பியபோது குளியலறையில் அண்ணன் பேண்ட்டைத் தானே அலசிக்கொண்டிருந்தான். சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டான். வெகுநேரம் துளைத்தெடுத்த பிறகு வாயைத் திறந்தான்.

"கதவு மூடிக்கிச்சு. கண்ணாடியைத் தடவித் தடவித் தேடினேன். எங்க கையை வெச்சாலும் ரத்து, ரத்துன்னு நீதான் சொல்லிட்டே இருந்த."

லிஃப்டில் பேசுவது அவள் குரல். கம்பெனி அவளை வைத்துத்தான் பதிவு செய்திருந்தது. யாரோ கீழ்மாடிக்காரர் லிஃப்டைக் கூப்பிட்டுக் கதவு திறந்தபோது அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தானாம், பேண்ட் நனைந்து. யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டான்.

தப்பு எங்கே என்று அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. பழகியவள் ஒரு விரலால் தேடுவாள். புதிதாகப் பார்வை போனவன் முழுக் கையாலும் துழாவுவான். அவளும் ஒரு காலத்தில் துழாவியவள்தான். அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. விடிந்ததும் லிஃப்டுக்குள் போய், ஒன்றும் தெரியாதவள் மாதிரி தடவிப் பார்த்தாள். கை அவள் பேச்சைக் கேட்கவில்லை. ஆள்காட்டி விரல் தானாக நீண்டு சரியான இடத்தில் போய் நின்றது. தன் கெட்டிக்காரத்தனத்தின் மேல் அவளுக்கு முதல்முறையாக எரிச்சல் வந்தது.

மேலாளரிடம் போய் என் பரிசோதனை தப்பு, புதிதாகப் பார்வை போனவர்கள் முழுக் கையையும் வைப்பார்கள், பலகையை நிறுத்துங்கள் என்றாள். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் வேலையின் அவசரம் அவருக்கு. யாரோ பதற்றத்தில் உள்ளங்கையை வைத்தால் அதற்கு நாம் என்ன செய்வது, கொஞ்ச நேரத்தில் பழகிவிடுவார்கள் என்றார். பிறகு குரலைத் தணித்து, "உங்க பரிசோதனையையே நம்பக்கூடாதுன்னா, உங்களை எதுக்கு வெச்சிருக்கோம்னு மேல கேப்பாங்க" என்றார். மிரட்டல் இல்லை, உள்ளதைத்தான் சொன்னார். அது இன்னும் மோசமாக இருந்தது.

வேறு வழியில்லை. அண்ணனிடம் ஒற்றைக் காலில் நின்றாள். கம்பெனிப் பட்டறையில் சோதனைக்கென்று மாதிரி லிஃப்ட் ஒன்று இருக்கிறது, மேலே கீழே போகாது, நிஜக் கதவு, நிஜப் பலகை. ஒரே ஒரு தடவை உள்ளே நின்று காட்டு, நடந்ததை யாருக்கும் சொல்லமாட்டேன் என்றாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நான் கூப்பிட்டா உடனே திறந்துடுவியா?"

"உடனே திறந்துடுவேண்ணா."

பட்டறையில் மேலாளரும் எஞ்சினியர்களும் சூழ நின்றார்கள். கதவு மூடியது. வெளியிலிருந்து திறக்கும் பொத்தான் அவள் கட்டைவிரலுக்கு அடியில். உள்ளே கண்ணாடியில் கை உரசும் சத்தம். ரத்து என்றது அவள் குரல். மறுபடியும் ரத்து.

"போதும், திற" என்றான் அண்ணன்.

அவள் விரல் அழுத்தப் போனது. "கொஞ்சம் பொறுங்க, இப்பக் கண்டுபிடிச்சிடுவார்" என்றார் மேலாளர்.

இப்போது திறந்தால், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கண்டுபிடித்திருப்பான் என்றேதான் அவர் நம்புவார். பலகை ஆஸ்பத்திரிக்குப் போகும். நேற்றுக் கண்ணில் கட்டுப் பிரித்தவர்கள் எல்லாம் அதைத் தடவுவார்கள். அவள் விரலை எடுத்துக்கொண்டாள்.

உள்ளே உள்ளங்கைகள் கண்ணாடியை அறைந்தன. ரத்து. ரத்து. அண்ணன் அவளை வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அப்புறம் கத்தினான். அப்புறம் சத்தமே இல்லை. மூச்சு மட்டும் இரைத்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"திறங்க, திறந்துடுங்க" என்றார் மேலாளர். குரல் உடைந்திருந்தது.

"நிறுத்தறேன்னு சொல்லுங்க சார்."

"நிறுத்தறேன். இந்தப் பலகை எங்கயும் போகாது."

அவள் பொத்தானை அழுத்தினாள். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். யாரோ நாற்காலி இழுத்துப் போட்டார்கள். அவன் உட்காரவில்லை. அவள் மூச்சுச் சத்தம் கேட்ட பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"நீ இங்கயேதான் நின்னியா?"

"ஆமாண்ணா."

அவள் கையை நீட்டி அவன் விரல்களைத் தேடினாள். அவன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, அந்தப் பக்கம் நின்ற மேலாளரிடம், தன்னை வீட்டில் கொண்டுபோய் விட முடியுமா என்று கேட்டான்.