நிரப்பாத இலை

காத்தான்குடியில் மருதோன்றி என்றால் றுக்ஷானாதான். அவள் வந்து போட்டால்தான் ஆயிற்று என்று கல்யாணப் பெண்கள் ஒற்றைக் காலில் நிற்பார்கள். அந்தக் கைதான் நுஸ்ரா டொக்டரின் காரியத்தைக் கெடுத்தது என்றால் நம்புவீர்களா?

நுஸ்ரா தலசீமியாவை ஆராய்கிறவள். இரத்தம் ஊறாத அந்த நோயை எந்தெந்தக் குடும்பங்கள் அறியாமலே சுமக்கின்றன என்று தேடுகிறாள். "நான் வாயால சொன்னா ஒருத்தருக்கும் விளங்குதில்ல. நீங்க படமா கீறித் தாங்க" என்று றுக்ஷானாவிடம் கேட்டாள். ஆளுக்கு இரண்டு இலை. தாய் கொடுத்தது ஒன்று, தகப்பன் கொடுத்தது ஒன்று. நோயைச் சுமக்கிற இலையை றுக்ஷானா வாடி வதங்கியதாய்க் கீறி வைத்தாள். போதாதா! பார்த்த பெண்கள் இரத்தம் கொடுக்காமலே எழும்பிப் போனார்கள். "வாடின இலை உள்ள புள்ளய ஆரு கேட்டு வருவா?" சுமக்கிறவருக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை, அப்படி இருவர் சேர்ந்தால்தான் பிள்ளைக்கு வரலாம் என்று நுஸ்ரா தொண்டை கிழியச் சொல்லியும் பயனில்லை.

றுக்ஷானாவுக்கு நெஞ்சு எரிந்தது. அவள் மகள் ஸஹீதாவே இந்த நோயால் மாதா மாதம் வார்டில் இரத்தம் ஏற்றுகிற பிள்ளை. மாமி ஜெமீலாவோ, "எங்கட பரம்பரையில இல்லாத வருத்தம்" என்று மருமகளைக் குத்திக்கொண்டே இருப்பாள். இப்போது மாமியின் கடைசி மகள் ஸஹ்ராவுக்கு, மாமியின் கூடப்பிறந்த மூத்த காக்காவின் மகன் றிப்ஷானையே பேசி வைத்திருந்தார்கள். நிக்காஹ்வுக்கு முதல் இருவரையும் சோதிப்போம் என்றால் மாமி சீறுகிறாள். ஸஹ்ராவும் வார்டு வாசலில் பிள்ளையோடு நிற்க வேண்டி வந்தால்?

பெருநாளுக்கு மருதோன்றி போட மகளோடு மாமி வீட்டுக்குப் போனாள். முதலில் தன் உள்ளங்கையில் இரண்டு இலை கீறினாள். ஒன்றை நிரப்பினாள். நோயைச் சுமக்கிற மற்றதை வெறுங்கோட்டோடு விட்டாள். இரண்டும் ஒரே வடிவு. எந்த வாய் குறை சொல்லும்?

"எனக்கும் உம்மா!" ஸஹீதா கையை நீட்டினாள். அவளுக்கு இரண்டையுமே நிரப்பாமல் விட்டாள்.

"ஏன் எனக்கு ரெண்டும் வெறும் இலை?"

"ஒண்டு நான் தந்தது மகள். மத்தது வாப்பா தந்தது."

மாமி வெற்றிலை மெல்வதை நிறுத்தினாள். "மின்ஹாஜா? என்ட மகனுக்கு அத ஆரு குடுத்த?"

மாமி பேத்தியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் கையை நீட்டினாள்.

"எனக்கும் கீறு. ஒண்ட நிரப்பாம உடு. என்டதோ, மௌத்தாப் போன என்ட மனுசன்டதோ, எங்கட பக்கத்தாலயும்தானே வந்திரிக்கி." ஸஹ்ராவிடம் திரும்பினாள். "பெருநாள் முடிய நுஸ்ராட்டப் போவம். றிப்ஷானையும் வரச் சொல்லு."

எத்தனையோ கல்யாணக் கைகளில் பிசகாத கோடு மாமியின் கையில் கோணிப் போயிற்று.

"புள்ள, நான் உன்ன ஏசினதெல்லாம்..." மாமி மற்றக் கையால் மருமகளின் தோளைப் பற்றிக்கொண்டாள்.

"கைய ஆட்டாதீங்க மாமி, கலைஞ்சிரும்" என்றாள் றுக்ஷானா. கண்ணைத் துடைக்க இருவருக்குமே கை ஒழியவில்லை.